மகப்பேறும் ஊழும்

(நாகமலை புதுக்கோட்டையிற் கார்த்திகைச் சோமவாரத்தன்று யாம் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



மதுரையினின்று தேனிக்குச் செல்லும் பெருவழியில், நாகமலையின் அடிவாரத்தில் அமைந்தது இவ்வூர். அனந்தகுண பாண்டியன் காலத்தே மதுரையை அழிக்க வேள்வியினின்றெழுந்த பாம்பு, அவன் எய்த கணையால் வீழ்ந்து இம்மலையாய்க் கிடக்கின்றதெனத் திருவிளையாடற் புராணம் நாகமெய்த படலத்துட் கூறும். அப்பெயரின் வாசனையோ யாதோ, இப்பக்கத்தில் மணமாகி ஈராண்டு கழிந்தும் மகவு வாராத இல்லத்தாரை நோக்கி 'நாகதோடம்' என்னுஞ் சொல் விரைந்து எழுகின்றது. அரசும் வேம்பும் இணைந்து நிற்குமிடத்துக் கல்நாகம் நடுகின்றனர், மஞ்சட் கயிறு கட்டுகின்றனர், தொட்டில் கட்டுகின்றனர். அன்பினாற் செய்வனவாதலின் இவற்றை யாம் இகழோம். ஆயினும், நாளும் கோளும் அடியாரை நலியா என்று கோளறு பதிகம் பாடியருளிய பிள்ளையார் அப்பதிகத்தோடு புறப்பட்டு வந்தது இம்மதுரைக்கே என்பதைச் சைவர் மறத்தல் தகாது.

இப்பொருளை இன்று எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. 1966-ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகம் இவ்வூர்க்கு அணித்தே உள்ளது. அங்கும் நகரிலும் பயின்று, பணியேற்று, முப்பதாண்டு கடந்தபின் மணஞ்செய்துகொள்ளும் பெண்மக்கள் இன்று பலர். அவர்களுட் சிலர் முப்பத்தைந்து, முப்பத்தெட்டு என்னும் வயதில் கண்ணீரோடு எம்மனையோரிடத்தும் திருமடங்களிடத்தும் வருகின்றனர். 'ஐயா, எமக்கு மகப்பேறு உண்டா?' என்பதே அவர் வினா. அதற்குச் சைவங் கற்றார் பெரும்பாலும் கூறும் விடை 'எல்லாம் ஊழ், அம்மா' என்பது. இவ்விடை சித்தாந்தத்திற்கு ஒக்குமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஒக்கும் என்பார் சிவஞானசித்தியாரைக் காட்டுவர். பேறும் இழவும், இன்பமும் நோயும், முதுமையும் இறப்பும் ஆகிய ஆறும் உயிர் கருவிற் புகும்போதே அமைந்துவிட்டன என்று சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்துள் ஆசிரியர் ஓதினாரன்றோ? அமைந்ததனை மருந்து மாற்றுமோ, மருத்துவர் மாற்றுவரோ என்பது அவர் கூற்று.

நன்று, அதனை ஓதினார் யாவர்? அருணந்தி சிவாசாரியர். அவர் அப்பெயர் பெறுமுன் திருத்துறையூரிற் சகலாகம பண்டிதர் என வழங்கப்பெற்றவர். திருப்பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர் நெடுநாள் மகவின்றி வருந்தித் தங் குலகுருவாகிய இவரிடத்தன்றோ வந்தார்? வந்தவரை நோக்கி, 'ஆறும் கருவிலே அமைந்தன, இல்லம் திரும்புக' என்று பண்டிதர் கூறினாரல்லர். திருமுறை ஏட்டை வழிபட்டுக் கயிறு சார்த்தினார். திருவெண்காட்டுப் பதிகத்து இரண்டாந் திருப்பாட்டுக் கிடைத்தது. முக்குள நீராடுவார்க்கு மகப்பேறு முதலிய நலங்கள் வாய்க்கும் என்பது அதன் கருத்து. உடனே அவ்விணையரைத் திருவெண்காட்டிற்குப் போக்கினார்.

இதன்மேல் மரபு கூறும் செய்தியே நாம் ஊன்றி நோக்கற்பாலது. வெண்காட்டில் நீராடி வழிபட்டிருந்த நாளில் இறைவன் கனவில் தோன்றி, 'இப்பிறவியில் உமக்கு மகப்பேற்றுக்குரிய வினை இல்லை' என்றே அருளினான் என்ப. வினையை ஊட்டுவோனே வினையில்லை என்று கூறியபின்னும் அச்சுதகளப்பாளர் முக்குளத்தை விட்டு எழுந்து போயினாரல்லர். சம்பந்தப் பிள்ளையார் வாக்கிற் கொண்ட உறுதியைத் தளர்த்தினாரல்லர். அவ்வுறுதிக்கு இரங்கி இறைவன் அருளிய மகவே சுவேதவனப்பெருமாள். அவரே பன்னிரு சூத்திரத்தாற் சிவஞானபோதம் அருளிச்செய்த மெய்கண்டார். கயிறு சார்த்திய குலகுருவே பின்னர் அம்மகவின் திருவடியில் வீழ்ந்து மாணாக்கராய்ச் சித்தியாரை இயற்றினார். தம்மால் வழிகாட்டப்பெற்றுப் பிறந்த பிள்ளையையே ஆசிரியராகக் கொண்ட ஒருவர், ஆறும் கருவில் அமைந்தன என்று ஓதும்போது, 'ஆதலின் முயலற்க' என்னும் பொருளில் ஓதியிருப்பாரா? அப்பொருள் கொள்வது அவருடைய வாழ்வையே மறுப்பதாம்.

சித்தாந்தம் யாதோவெனின், வினை பயன்தரும் வரை அதன் இயல்பு உயிர்க்குத் தெரியாது. அது பயன் தருவதும் வாளா தாராது, கருவியும் காலமும் இடமும் பற்றியே தரும் என்க. அமைந்தது பேறாயின் அது வந்து சேர்தற்கு மருத்துவர் ஒரு வாயில். அமையாததாயின் அதனை அறிதற்கும் அவரே வாயில். எமக்கோ உமக்கோ கனவில் ஒன்றும் உரைக்கப்படவில்லை. அங்ஙனமாக, மற்றொருத்தியின் கருப்பையைக் குறித்து 'வினையில்லை' என்று துணிந்து கூறும் அதிகாரத்தை நமக்கு அளித்தவர் யாவர்? கொடிமாடச் செங்குன்றூரில் அடியாரைக் குளிர்சுரம் பற்றியகாலை, அந்நாட்டு இயல்பு அது என்று அவர் கூறவும் அவ்வளவில் அமையாது, முன்னைவினையைக் காட்டி வாளா இருப்பது குற்றமாம் என்றே தொடங்கித் திருநீலகண்டப் பதிகம் பாடினார் பிள்ளையார். நோய்க்கு அறுத்தும் சுட்டும் சில, இனிய பாலும் கட்டியும் கொடுத்துச் சில தீர்க்கும் மருத்துவனை, இறைவன் வினை தீர்க்குமாற்றுக்கு உவமையாக எடுத்தவரும் சித்தியாராசிரியரே. மருத்துவத்தை வெறுப்பார் அவ்வுவமையை எவ்வாறு சுவைப்பர்?

இனி எமது பிழையொன்றையும் இவ்வவையில் கூறுதல் கடன். இவ்வூர்க்கு அண்மையில் வாழும் ஓர் அம்மையார், தம் முப்பத்தாறாம் வயதில், மணமாகி ஓராண்டு கழிந்தபின், மாமியாரோடு எம்பால் வந்தார். யாம் கந்தசட்டியும் சோமவாரமும் நோற்குமாறு பணித்தோம். ஒரு மண்டலம் முடிந்தபின் மற்றொன்று என்றோம். அம்மாமியார் 'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்னும் பழமொழியை, சட்டி நோன்பிருந்தால் கருப்பையில் வரும் என்று பொருள் விரித்துக் கூற, யாமும் தலையசைத்தோம். மூன்றாண்டு கழிந்தன. முப்பத்தொன்பதாம் வயதில் அவ்வம்மையார் நகரத்துப் பெண் மருத்துவர் ஒருவரிடம் சென்றபோது அவர் கேட்ட முதல் வினா, 'இத்துணை ஆண்டும் எங்கிருந்தீர்கள்?' என்பது. அது எம்மை நோக்கிய வினாவென்றே யாம் கொண்டோம்.

அப்பழமொழியின் நேர்ப்பொருளைச் சற்று நினைவோம். சட்டியில் உள்ளதே அகப்பையில் வரும், இல்லாதது வாராது. மகளிர் உடம்பியல் இதற்கு வியத்தகு சான்று. ஆண்மகனிடத்து விந்தணு நாடோறும் புதிதாய்த் தோன்றும். பெண்மகளோ தன் வாழ்நாட்குரிய கருமுட்டை முழுதையும் தாய்வயிற்றிலிருக்கும்போதே பெற்றுவிடுகிறாள். பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சம். பூப்பெய்துங்கால் 3 முதல் 5 இலட்சம். முப்பத்தேழாம் வயதில் ஏறத்தாழ 25,000. மாதவிடாய் நிற்கும் காலத்து ஏறத்தாழ 1,000. முப்பத்திரண்டளவிற் குறைவு தொடங்கி, முப்பத்தேழின்பின் அது விரையும். எண்ணிக்கை குறைதலோடு முட்டையின் தரமும் குறையும். முப்பதாம் வயதினள் ஒருத்திக்கு ஒரு மாதத்திற் கருத்தங்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று எனின், நாற்பதில் அது பத்தில் ஒன்றோ அதனினுங் குறைவோ ஆம். உடலை எத்துணை நன்கு பேணினும் சட்டியை நிரப்புதல் ஒருவர்க்கும் இயலாது. அதில் எஞ்சியதை வீணாக்காமற் காத்தலும், உரிய நாளில் அகப்பையை இடுதலுமே இயலும். ஆதலின் இவ்விடயத்திற் காலமே பெரும்பொருள். யாம் பணித்த மண்டலங்கள் அச்சட்டியினின்றே எடுக்கப்பட்டன.

நோன்பின் மற்றொரு சிக்கலையும் அவ்வம்மையார் வாயிலாகவே யாம் அறிந்தோம். அவர் இல்லத்தில் மாதந்தோறும் சட்டி இரண்டு, பிரதோடம் இரண்டு, கார்த்திகை ஒன்று, அமாவாசை, பௌர்ணமி, சோமவாரம் நான்கு. இந்நாளெல்லாம் கணவனும் மனைவியும் பிரிந்துறைவர். கூட்டிப் பார்மின்: பதினொரு நாள். கருமுட்டை வெளிப்பட்டபின் ஒருநாளளவே உயிர்ப்புடன் இருக்கும். விந்தணு பெண்ணுடம்பில் ஐந்து நாள்வரை இருத்தல் கூடும். ஆகவே கருத்தங்குதற்கு உரியன முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முன்னைய ஐந்து நாளும் ஆக ஆறே நாள். வெளிப்படுதல், அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழப் பதினான்கு நாள் முன்பு நிகழும். அவ்வாறு நாளும் நோன்பில் அகப்பட்டுவிடின், மகவு வேண்டி நோற்ற நோன்பே மகவுக்குத் தடையாயிற்றன்றோ?

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். தொல்காப்பியனார் கற்பியலில், பூப்புத் தோன்றியபின் பன்னிரு நாளும் தலைவன் மனைவியைப் பிரிந்துறைதல் கூடாதென்று விதித்தார். பரத்தையிற் பிரிந்தானும் அந்நாளில் மீளல் வேண்டும். அது கருத்தோன்றுங் காலம் என்று உரையாசிரியர் விளக்கினர். மூன்று நாள் நீக்கி அதன்மேற் பன்னிரண்டு எனக் கொள்ளின் நான்காம் நாள் முதற் பதினைந்தாம் நாள் வரை ஆகும். இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக மாதவிடாய் வரும் பெண்ணுக்கு இன்றைய மருத்துவர் குறிக்கும் ஆறு நாளும் அதனுள் அடங்கும். மாதவிடாய் ஒழுங்கு மாறுபடுவார்க்கு நாட்கணக்கு மாறும். அதனை மருத்துவர் ஸ்கேன் முதலியவற்றால் அறிவிப்பர். அந்நாள்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் கூடினும் போதும். மகவு வேண்டுவார் இந்நாள்களில் நோன்பை வழிபாட்டளவில் அமைத்துக்கொள்ளலாம் என்று மடத்துப் பெரியோர் வாய்திறந்து கூறின், பல இல்லங்களில் ஒரு முடிச்சு அவிழும்.

பட்டினியும் அளவிறந்தால் தீங்கே. உடல் மிக மெலிந்தாலும் மிகப் பருத்தாலும் முட்டை வெளிப்படுதல் தடைப்படும். நீரும் அருந்தாது ஆறு நாள் கிடக்கும் நோன்பை முப்பத்தெட்டு வயதினள் மேற்கொள்ளல் வேண்டா. பாலும் பழமும் கொண்ட நோன்பை முருகப்பெருமான் தள்ளிவிடுவானல்லன்.

அடுத்து, ஆடவரைக் குறித்து ஒரு சொல். மகவின்மைக்குக் காரணம் ஏறத்தாழப் பாதி இணையரிடத்து ஆடவர்பாலும் உண்டு. அவர்மாட்டு மட்டுமே உளதாதலும் உண்டு. எனினும் 'மலடி' என்னும் கொடுஞ்சொல் பெண்ணுக்கே ஆயிற்று. அதற்கு இணையாக ஆடவனைச் சுட்டும் சொல் உலக வழக்கில் அத்துணைப் பெருக வழங்காமை நம் வழக்கின் நேர்மைக்குச் சான்றாகாது. திருமூல நாயனார் கர்ப்பக்கிரியையிற் கருவின் நலந்தீங்குகளை ஆராயுங்கால் தந்தையின் மூச்சியக்கத்தையும் தாயின் வயிற்றுநிலையையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தார். மூச்சைக் கொண்டு ஆண் பெண் குறிக்கும் கணக்கை இன்றைய மருத்துவம் ஏலாது. இருவரையும் ஆராய்தல் வேண்டும் என்னும் கொள்கையை அது முற்றும் ஏற்கும். முன்னர்க் கூறிய அம்மையார் மூன்றாண்டு நோற்றார், கல்நாகம் நட்டார், மூன்று ஊர் மருந்துண்டார். அவர் கணவரை ஒருவரும் ஒரு சோதனைக்கும் அழைத்ததில்லை. விந்துச் சோதனை எளிது, செலவு சிறிது, நோவு இல்லது. அதனை முதலிற் செய்தபோது அவரிடத்தும் குறை காணப்பட்டது. புகையிலையும் மதுவும் விந்தணுவைக் கெடுக்கும்; மிகு வெப்பமும் அவ்வாறே. ஒரு விந்தணு முதிர்தற்கு இரண்டரைத் திங்களளவு வேண்டுமாதலின், இன்று விட்ட தீயபழக்கத்தின் பயன் மூன்று திங்களின் பின்னரே தெரியும். நாற்பதைக் கடந்த ஆடவர்க்கும் வயது தன் செயலைச் செய்யும் என்பது கருதத்தகும்.

ஆகவே எம்மிடத்து வருவார்க்கு இப்போது யாம் கூறுவது இது. முப்பத்தைந்துக்கு உட்பட்டவள் ஓராண்டு முயன்றும், முப்பத்தைந்தைக் கடந்தவள் ஆறு திங்கள் முயன்றும் கருத்தங்காவிடின் மகப்பேற்று மருத்துவரைக் காண்க. நாற்பதைக் கடந்தவள் காத்திராது காண்க. கணவனையும் உடனழைத்துச் செல்க. முன்னரே மாதவிடாய் ஒழுங்கின்மையோ கடும் வயிற்றுநோவோ உடையார் எவ்வயதினும் காத்திருத்தல் வேண்டா. தைராய்டு, நீரிழிவு, குருதிக்குறைவு ஆகியன உளவோ என அறிந்து, கருவுறுமுன்னரே அவற்றைச் செம்மைப்படுத்துக. கருக்குழாய் அடைபட்டிருத்தலும் உண்டு. நம் நாட்டிற் காசநோய் கருப்பையுறுப்புகளைத் தாக்கி அவ்வடைப்பை உண்டாக்குதல் மருத்துவர் நன்கறிந்தது. அந்நோய் இருமலின்றியும் உள்ளே இருத்தல் கூடுமாகலின் வினாவித் தெளிக. ஃபோலிக் அமிலம் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் அளவு, கருவுறுதற்கு ஒரு திங்கள் முன்பிருந்தே உண்ணல் வேண்டும். அது குழவியின் தண்டுவடமும் மூளையும் செவ்வனே அமைதற்கு உதவும். சிலர்க்கு இவ்வளவு மிகுதியும் வேண்டுமாதலின் மருத்துவர் சொற்படி கொள்க. முதற்சோதனைகளை அரசு மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவிலும் தொடங்கலாம். சந்தையிற் பெயரறியாது விற்கும் பொடியையும் இலேகியத்தையும் நம்பி ஆண்டுகளைப் போக்கல் வேண்டா. தேர்ந்த சித்தமருத்துவரை யாம் குறை கூறவில்லை. அவரும் சோதனையை வேண்டாவென்னார்.

உடம்பிற்குப் புறத்தே கருவை உண்டாக்கி மீளக் கருப்பையிற் சேர்க்கும் முறையைப் பற்றி ஒரு தம்பிரான் சுவாமிகள் எம்மை வினாவினார்: 'கண்ணாடிக் கலத்தில் உயிர் எவ்வாறு புகும்? சராயுசம் என்னும் பிறப்புவகைக்கு இது முரணன்றோ?' 1978-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இங்கிலாந்திலும், அவ்வாண்டே அக்டோபர் 3-ஆம் நாள் கல்கத்தாவில் மருத்துவர் சுபாசு முகோபாத்தியாயர் முயற்சியாலும் இவ்வாறு மகவு பிறந்தது. அவர் தாம் வாழுங்காலத்தில் மதிக்கப்பெறாது 1981-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டது நம் நாட்டின் பழி. சுவாமிகளுக்கு யாம் கூறிய விடை: இருவித்தும் கூடுமிடம் கலமாயினும், வளருமிடம் தாயின் கருப்பையே, ஆதலிற் சராயுசத்திற்கு முரணில்லை. உயிரை உடம்பொடு கூட்டுவோன் இறைவன். அவன் கூட்டுதற்கு இடம் பார்த்து நிற்பானல்லன். அன்றியும், தமிழ்முனிவரைக் குடமுனி என்று போற்றுவார்க்கு இவ்வையம் எழுதல் சற்று வியப்பே. சுவாமிகள் நகைத்தருளினார்.

ஆயினும் இம்முறையும் காலத்தை வெல்லாது. தன் முட்டையைக் கொண்டு செய்யுமிடத்து வயதேற ஏற வெற்றி குறையும். நாற்பதின்பின் மிகக் குறையும். பிறர் முட்டையை ஏற்பதா என்பது ஒவ்வோர் இணையரும் தம் மனச்சான்றொடு துணியவேண்டியது. அதில் யாம் தலையிடோம். 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இம்மருத்துவத்திற்குப் பெண்ணுக்கு 50, ஆடவனுக்கு 55 என வயதெல்லை வகுத்துள்ளது. வயது மிக்க கருவிற்குச் சிதைவும், தாய்க்குக் குருதியழுத்தமும் நீரிழிவும், குழவிக்குச் சில பிறவிக்குறைகளும் மிகுதிப்படும். முப்பத்தைந்தில் முந்நூற்றைம்பதில் ஒன்றளவாக உள்ள டவுன் குறைபாடு நாற்பதில் நூற்றில் ஒன்றளவாகும். அச்சுறுத்தற்கன்று, முன்னறிந்து பேணுதற்காகவே இதனைக் கூறினோம்.

எல்லாம் செய்தும் மகவு வாராமை உண்டு. அங்கேதான் ஊழ் என்னும் சொல் தன் இடத்தைப் பெறுகின்றது, தொடக்கத்தில் அன்று. அவ்விடத்தும் மதுரையார்க்கு ஒரு தேறுதல் உண்டு. காஞ்சனமாலை மடியில் வந்தமர்ந்த மூன்றாண்டுப் பெண்மகவு வேள்வித் தீயினின்று வந்தது, வயிற்றினின்று வந்ததன்று. அதனால் அவ்வம்மை தாயல்லள் என்று கூறுவார் இம்மாநகரத்தில் உளரோ? அவள் நீராடற்கன்றோ எழுகடலும் வந்தன? மகவை முறைப்படி ஏற்று வளர்ப்பார்க்கு நம் மடங்கள் தீக்கை முதலியவற்றில் வேற்றுமை காட்டாதிருத்தல் வேண்டும்.

முன்னர்க் கூறிய அம்மையார்க்கு இப்போது நாற்பதாம் ஆண்டு நடக்கின்றது. கணவர் புகையிலையை விட்டு ஐந்து திங்களாயின. சென்ற ஐப்பசியில் இருவரும் திருவெண்காடு சென்று முக்குளத்தும் நீராடி வந்தனர். எம்மிடத்துத் திருநீறு பெற வந்தபோது, 'மீளவும் மண்டலம் தொடங்கலாமா, ஐயா?' என்று வினாவினார். 'மருத்துவர் குறித்த நாள் யாது, அம்மா?' என்றோம். வரும் வியாழக்கிழமை என்றார். அந்நாள் பிரதோடமாயிற்றே என்று மாமியார் தயங்க, பிரதோட வழிபாடு மாலையில்தானே, மருத்துவமனைக்குக் காலையிற் செல்க என்று கூறி விடுத்தோம்.

திருச்சிற்றம்பலம்.